கல்லமேட்டுப் பேருருவும் நருமதைக் கரை அரசனும்

ராபர்ட்சன்பேட்டையில் பிறந்த பிள்ளைகளுக்கு மலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சயனைட் மேடுதான். பொன்னை அரைத்தெடுத்த பின் எஞ்சிய சாம்பல் நிறப் பொடி, நூறாண்டுக்கு மேலாகக் கொட்டப்பட்டுக் குவிந்து, குன்றுகளாகி நிற்கிறது. மாலை வெயிலில் அம்மேட்டைப் பார்த்தால் முதுகு வளைத்துப் படுத்திருக்கும் விலங்கொன்றின் தோற்றம் தெரியும். சிறுவனாக இருந்தபோது நான் உண்மையாகவே அதனுள்ளே ஏதோ ஒரு பெருவிலங்கு புதைந்து கிடப்பதாக எண்ணியிருந்தேன்.

என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கேஜில் ஏறி நிலத்தினடியே நெடுந்தொலைவு இறங்கி, வெம்மையிலும் இருளிலும் வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றென்று பெயர் பெற்ற அச்சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு நாள் அவரிடம், “தாத்தா, அவ்வளவு கீழே போனீங்களே, பெரிய பெரிய மிருகத்து எலும்பு ஏதாவது பார்த்தீங்களா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “எலும்பா? கீழே கல்லுதாம்பா கீது. கறுப்புக் கல்லு, வெள்ளைக் கல்லு, அவ்ளோதான்” என்றார்.

அந்த விடையின் முழுப்பொருள் கல்லூரியில் நிலநூல் படித்தபோதுதான் விளங்கிற்று. கோலார் பொன்வயலின் பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. எலும்புள்ள உயிர்கள் இவ்வுலகில் தோன்றி 50 கோடி ஆண்டு அளவே ஆயிற்று. எலும்பென்ற ஒன்றே உலகில் இல்லாத காலத்துக் கல்லில் எலும்பை எங்ஙனம் காண்பது? தாத்தா சொன்னது அறிவியல் உண்மை. எலும்பு வேண்டுமாயின் வேறு கல்லைத் தேடிச் செல்லவேண்டும்.

அந்த வேறு கல், நம் முன்னோர் விட்டு வந்த தமிழ் மண்ணிலேயே இருக்கிறது! வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பொன்வயலுக்குப் பிழைக்க வந்த நம் பாட்டன்மார், பொன் இருக்கும் கல்லைத் தேடி மேற்கே வந்தனர். எலும்பு இருக்கும் கல்லோ தெற்கே, அரியலூர்ப் பக்கத்தில் கிடந்தது. அங்கே உலகையே வியக்கவைத்த ஒரு பேருருவின் எலும்பு வெளிப்பட்டது. வெளிப்பட்டு, நம் கையிலிருந்தே பொடியாகி மறைந்தும் போயிற்று. அதே காலத்தில், கூர்ச்சர நாட்டில் வெளிப்பட்ட மற்றொரு விலங்கின் எலும்புகளோ பாதுகாக்கப்பட்டு, உலகோர் போற்றும் பெயர் பெற்றன. இவ்விரண்டின் கதையையும் ஒருங்கு வைத்து நோக்குவோமாயின், அறிவியல் என்பது யாது என்பதே நமக்கு ஒருவாறு விளங்கும்.

ஊனுண்ணி என்பதை எவ்வாறு அறிவது?

டைனோசர் என்ற பெயரை 1842 இல் வழங்கியவர் ஆங்கில அறிஞர் ரிச்சர்ட் ஓவன். அச்சம் தரும் பல்லி என்பது அதன் பொருள். ஆனால் அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே, 1824 இல், வில்லியம் பக்லண்ட் என்பார் ஒரு தாடை எலும்பையும் பற்களையும் கண்டு, மெகலோசாரஸ் எனப் பெயரிட்டிருந்தார். முதன்முதல் முறையாகப் பெயர் பெற்ற அந்த டைனோசர் ஊனுண்ணி. அதனை ஊனுண்ணி என்று காட்டியது எது? பல்.

பனைமட்டையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். கருக்கு என்று சொல்கிறோம். கதிரறுக்கும் கருக்கரிவாளின் வாயிலும் அதே அமைப்பைக் காணலாம். ஊனுண்ணி டைனோசரின் பல்லும் அத்தகையதே. தட்டையாய், கத்தி போன்று, பின்னோக்கி வளைந்து, விளிம்பு நெடுகிலும் நுண்ணிய கருக்குகளை உடையதாய் இருக்கும். சதையில் பாய்ந்த பல் வழுக்காது அறுப்பதற்கு இக்கருக்கு உதவுகிறது. பின்னோக்கிய வளைவோ, கவ்விய இரை திமிறி வெளியேறாதபடி தடுக்கிறது. தழையுண்ணும் பெருவிலங்குகளின் பற்கள் இவ்வாறு இரா. அவை முளைக்குச்சி போலவும் கரண்டி போலவும் இருக்கும். தழையை உருவுவதற்கு அதுவே போதுமானது.

அடுத்தது கால். பெரிய ஊனுண்ணிகள் யாவும் இரண்டு பின்னங்கால்களில் நடந்தவை. தொடையெலும்பும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பும் உள்ளே பொள்ளலானவை. சுவர் மட்டும் வலிமையானது. மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள், எடை குறைவு, உறுதி மிகுதி. இன்றைய பறவைகளின் எலும்பும் இவ்வழி வந்ததேயாகும். கோழிக்கறி உண்ணும்போது கழுத்தருகே கவட்டை வடிவில் ஓர் எலும்பு அகப்படுகிறதன்றோ? அதே எலும்பு டைரனோசாரஸ் என்னும் கொடுவிலங்கின் மார்பிலும் இருந்தது. கோழியும் குருவியும் அந்தப் பழங்குலத்தின் வழித்தோன்றல்களே என்பதில் இன்று அறிவியலாரிடையே ஐயமில்லை.

மூன்றாவது இடுப்பு. இரண்டே கால்களில் உடல் முழுவதையும் தாங்கவேண்டுமாயின், காலை இழுத்து இயக்கும் தசைகள் பெரியனவாய் இருத்தல் வேண்டும். அத்தசைகள் பற்றிக்கொள்ள அகன்ற எலும்புத் தகடு வேண்டும். எனவே ஊனுண்ணிகளின் மேலிடுப்பெலும்பு நீண்டு அகன்று நிற்கும். முன்னே தலையும் உடலும், பின்னே நீண்ட வாலும், நடுவே இடுப்புமாக, அவ்விலங்கு ஒரு துலாக்கோல் போலத் தன்னை நிறுத்திக்கொண்டது.

இவற்றின் அரசனாகப் பலராலும் கருதப்படும் டைரனோசாரஸ் ரெக்ஸின் எலும்புகளை அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பார்னம் பிரௌன் தோண்டியெடுத்தது 1902 இல். பெயர் பெற்றது 1905 இல். அந்த 1902 ஆம் ஆண்டில்தான் சிவசமுத்திரத்திலிருந்து பொன்வயலுக்கு மின்சாரம் வந்தது என்பதை நம்மூரார் அறிவர். 1990 இல் கண்டெடுக்கப்பட்ட “சூ” என்னும் டைரனோசாரஸின் எலும்புக்கூடு பத்தில் ஒன்பது பங்கு முழுமையானது. நீளம் 12 மீட்டருக்கு மேல். வேர் உட்பட ஓர் அடி நீளமுள்ள பற்கள் அவ்வினத்துக்கு உண்டு. ஆனால் அவ்விலங்கு வட அமெரிக்காவில் வாழ்ந்தது. நம் நாட்டில் இரை தேடித் திரிந்தது எது?

சபல்பூர் தந்த புதிர்

இந்தியாவில் டைனோசர் எலும்பு முதலில் கிடைத்தது 1828 இல். கண்டவர், தக்கர்களை ஒடுக்கியவர் என்று வரலாற்றில் படிக்கிறோமே, அந்த வில்லியம் ஸ்லீமன்தான். இடம், மத்தியப் பிரதேசத்துச் சபல்பூர். டைனோசர் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. அவ்வெலும்புகள் தழையுண்ணி ஒன்றினுடையவை என்பதும், அதற்கு டைட்டனோசாரஸ் என்னும் பெயரும், அரை நூற்றாண்டு கழித்தே வந்தன.

பின்னர் 1917 முதல் 1919 வரை, சார்லஸ் மேட்லி என்பார் அதே ஊரின் பாரா சிம்லாக் குன்றில் தோண்டி, ஏராளமான எலும்புகளை எடுத்தார். மண்டையோட்டுத் துண்டுகள், முதுகெலும்புக் கணுக்கள், கால் எலும்புகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஜெர்மானிய அறிஞர் ஃபிரீட்ரிக் ஃபான் ஹூனேயும் மேட்லியும் 1933 இல் அவற்றை விவரித்து, இண்டோசூக்கஸ், இண்டோசாரஸ் எனப் பெயர்கள் இட்டனர். ஊனுண்ணிகள் என்பது தெளிவு. ஆனால் எக்குலத்தைச் சேர்ந்தவை? அதுதான் புரியவில்லை. 1978 இல் சங்கர் சட்டர்ஜி அவற்றை மீண்டும் ஆராய்ந்தபோது, இண்டோசூக்கஸை அமெரிக்க டைரனோசாரஸின் உறவாகவே கருதினார். தவறென்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். அன்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு விலங்கு இல்லை என்பதை மறத்தலாகாது.

ஒப்பிடற்குரிய விலங்கு கடல் கடந்து கிடைத்தது. அர்ஜென்டினாவில் ஹோசே பொனபார்த்தே 1985 இல் கார்னோடாரஸ் என்னும் ஊனுண்ணியை விவரித்தார். அவரும் ஃபெர்னாண்டோ நோவாசும் அதே ஆண்டில் அபெலிசாரஸ் என்ற மற்றொன்றையும் விவரித்து, அபெலிசாரிடுகள் என்று ஒரு குடும்பத்தையே வகுத்தனர். குட்டையான, உயரமான மண்டை. தடித்த எலும்பாலான நெற்றி. அதன்மேல் கொம்போ மேடோ. விளையாட்டுப் பொருள் போலச் சிறுத்துப்போன கைகள். உரம் வாய்ந்த கால்கள். இவையே அக்குடும்பத்தின் அடையாளங்கள். சபல்பூர்த் துண்டுகளை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தபோது புதிர் அவிழ்ந்தது. நம் நாட்டு ஊனுண்ணியின் உறவினர் வட அமெரிக்காவில் இல்லை. தென் அமெரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இருந்தனர்!

ஏன்? இந்தியா அன்று ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. தென்பகுதிப் பெருங்கண்டத்தின் ஒரு துண்டாக இருந்து, ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிலிருந்தும் பிரிந்து, கடலில் தனியே வடக்கு நோக்கி மிதந்து வந்தது. நிலம் பிரிந்தாலும் இரத்த உறவு எலும்பில் எஞ்சி நின்றது. பிழைப்புக்காக ஊர் பெயர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது அரிதன்று. மாநில எல்லை கடந்து மூன்று நான்கு தலைமுறை ஆனபின்னும், நம் பேச்சைக் கேட்டே, “உங்க பாட்டன் ஊர் வட ஆர்க்காடா?” என்று கேட்பார் உளரன்றோ?

நருமதைக் கரையின் அரசன்

குஜராத்தில், பாலாசினோர் அருகே ரகியோலி என்றோர் ஊர். 1981 இல் அவ்வழியே ஆய்வுக்குச் சென்ற இந்திய நிலவியல் ஆய்வுத்துறையினரிடம், சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாளர்கள், உருண்டையான சில கற்களைக் கொடுத்தனர். பார்த்தால், அவை டைனோசரின் முட்டைகள்! கல் உடைக்கும் கைக்கு, இது வெறுங்கல் அன்று என்று தெரிந்திருக்கிறது. சுரங்கத் தொழிலாளியின் பேரனாகிய எனக்கு இச்செய்தியைப் படித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதன்பின் 1982 முதல் 1984 வரை, அத்துறையைச் சேர்ந்த சுரேஷ் ஸ்ரீவத்சவா அங்கே தங்கி எலும்புகளைத் தோண்டினார். சபல்பூரைப் போலவே அங்கும் பல விலங்குகளின் எலும்புகள் கலந்து கிடந்தன. ஆயின் ஸ்ரீவத்சவா ஒரு செயல் செய்தார். எலும்பு ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்தத் திசை நோக்கி, எதற்கு அருகில் கிடந்தது என்பதைக் கோடு கோடாகக் குறித்து, விரிவான வரைபடம் ஒன்றைத் தீட்டி வைத்தார். எலும்புகள் ஜெய்ப்பூர் சென்று சேர்ந்தன. வரைபடமும் உடன் சென்றது. இரண்டும் கிட்டத்தட்ட இருபதாண்டு காத்திருந்தன.

2001 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான பால் செரினோவும் ஜெஃப்ரி வில்சனும் அவ்வெலும்புகளை ஆராய வந்தபோது, அந்த வரைபடம் விளக்காகப் பயன்பட்டது. இந்த முதுகெலும்பும் அந்த இடுப்பெலும்பும் அருகருகே கிடந்தன; ஆகவே இவை ஒரே விலங்கினுடையவை என்று சேர்க்க முடிந்தது. மூளைப் பெட்டி, முதுகெலும்பு, இடுப்பு, பின்னங்கால், வால் ஆகியவற்றின் பகுதிகள் ஒன்றுகூடின. 2003 ஆகஸ்டில், ஸ்ரீவத்சவா, அசோக் சாஹ்னி முதலிய இந்திய அறிஞர்களோடு சேர்ந்து, ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் என்னும் புதிய ஊனுண்ணியை அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். நருமதைக் கரையின் அரசப் பல்லி என்று நாம் சொல்லலாம்.

அவ்வரசன் தோற்றம் எத்தகையது? மண்டையின் மேல், மூக்கெலும்பும் நெற்றியெலும்பும் சேர்ந்து எழும்பிய தாழ்ந்த, உருண்டையான ஒற்றைக் கொம்பு. தடித்த கழுத்து, பருத்த கால்கள். நீளம் 9 மீட்டர் இருக்கலாம் என்று முதலில் கணித்தனர். பின்னர் வந்த ஒரு கணக்கு 6.6 மீட்டர் என்று குறைத்தது. காலம் ஏறத்தாழ 6.7 கோடி ஆண்டுகளுக்கு முன். டைனோசர் குலமே மறைவதற்குச் சற்று முந்திய காலம். அக்கொம்பு இரையைக் கொல்லுதற்கு உரியதன்று. தன்னினத்தோடு தலை மோதுதற்கோ, தன்னைக் காட்டிக்கொள்ளுதற்கோ உதவியிருக்கலாம் என்று கருதுகின்றனர்.

இக்குடும்பம் எத்துணைக் கொடியது என்பதற்கு மடகாஸ்கர் சான்று தருகிறது. அங்கு வாழ்ந்த மஜுங்காசாரஸ் என்னும் உறவினத்தின் எலும்புகளில் பற்தடங்கள் கிடைத்தன. தடங்களின் இடைவெளியையும் கருக்கின் அளவையும் ஒப்பிட்டபோது, அவை மஜுங்காசாரஸின் பற்களோடேயே பொருந்தின. தன்னினத்தையே தின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

கல்லமேட்டுப் பேருரு

இனி நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். அரியலூர்ப் பகுதியில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. சிப்பியும் சுருள் ஓடும் இன்றும் அங்கே வயற்புறங்களில் கிடைக்கின்றன. கடைசியில் கடல் பின்வாங்கிற்று. ஆறுகள் மணல் கொண்டுவந்து பரப்பின. அந்த ஆற்று மணலே கல்லமேடு என்னும் ஊரருகே பாறையாய் நிற்கிறது. நிலத்தில் வாழ்ந்த விலங்குகளின் எலும்பு அதில் அகப்படுவது இயல்பே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹென்றி பிளான்ஃபோர்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பாறைகளை ஆராய்ந்தார். சபல்பூரில் தோண்டிய மேட்லி, 1929 இல் இம்மாவட்டத்து டைனோசர்களைப் பற்றியும் எழுதினார். 1979 இல் யாதகிரி, அய்யாசாமி என்னும் நிலநூல் வல்லுநர் இருவர், இப்பகுதியில் கிடைத்த ஒன்றுக்குத் திராவிடோசாரஸ் என்றே பெயரிட்டனர். அது டைனோசரா, கடல்வாழ் ஊர்வனவா என்ற வழக்கு பின்னர் நெடுநாள் நடந்தது.

அவ்விருவரே கல்லமேட்டருகே பேரெலும்புகளைக் கண்டனர். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, வாலின் கணு. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம்! நம் வீட்டுக் கதவின் உயரத்துக்கு ஒரு கால் எலும்பு! இடுப்புத் தகடு ஒன்று 1.2 மீட்டர். 1987 இல் இதற்குப் புருகத்காயோசாரஸ் மேட்லியி என்ற பெயர் வந்தது; பேருடல் கொண்ட பல்லி என்பது பொருள். வியப்பு என்னவெனில், இதனை அவர்கள் ஊனுண்ணி என்று வகுத்தனர். அது உண்மையாயின், உலகில் தோன்றிய கொடுவிலங்குகள் அனைத்தினும் பெரியது தமிழ்நாட்டில் வாழ்ந்தது என்றாகும்.

மகிழ்ச்சியால் துள்ளுமுன் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டைரனோசாரஸின் கீழ்க்கால் எலும்பு ஒரு மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். கல்லமேட்டு விலங்கும் அதே வடிவினதாயின், அளவில் ஏறத்தாழ 1¾ மடங்கு. நீளம் 1¾ மடங்கானால், எலும்பின் குறுக்குப் பரப்பு 3 மடங்கு ஆகும். உடலின் எடையோ 5 மடங்குக்கும் மேலாகும். எடை 5 மடங்கு, தாங்கும் வலிமை 3 மடங்கு! டைரனோசாரஸ் 8 டன் எனக் கொண்டால், இது 40 டன்னைத் தாண்டும். 40 டன்னை இரண்டே கால்களில் சுமந்துகொண்டு ஓடி இரை பிடிப்பது எங்ஙனம்? கலிலியோ அன்றே எடுத்துக்காட்டிய இயற்பியல் உண்மை இது. யானையின் கால் மானின் காலைப் பெரிதாக்கியது போன்றிராமல் தூண் போன்றிருப்பதும் இதனாலேயே.

ஆகவே 1990களின் நடுவில் சட்டர்ஜி, இஃது ஊனுண்ணியன்று, நான்கு தூண்கால்களில் நடந்த, நெடுங்கழுத்துடைய தழையுண்ணியே என்றார். அறிவுலகமும் அதனையே ஏற்றது. தழையுண்ணி என்று கொண்டபின்னும் வியப்புக் குறையவில்லை. மிகப் பெரியதென்று போற்றப்பட்ட அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்காலெலும்பு ஒன்று 1.55 மீட்டர்தான்! 2023 இல் வெளிவந்த ஒரு கணிப்பு, கல்லமேட்டு விலங்கின் எடை 110 டன்னுக்கும் 170 டன்னுக்கும் இடையில் இருக்கலாம் என்றது. உலகில் நடந்த உயிர்களுள் இதனினும் பெரியது வேறில்லை என்று சொல்ல இடமுண்டு.

சொல்ல இடமுண்டு, மெய்ப்பிக்க வழியில்லை! ஏனெனில் அவ்வெலும்புகள் இன்று இல்லை. 2017 இல் வெளிவந்த கட்டுரை ஒன்று அச்செய்தியைத் தெரிவித்தது. கல்லமேட்டு எலும்புகள் மிகவும் நொய்ந்தவை. எடுத்துச் செல்வதற்காகக் களத்தில் சாந்துப் போர்வை இட்டிருந்தும், ஆய்வகம் சேருமுன்னரே போர்வைக்குள்ளேயே சிதைந்து பொடியாயின. எஞ்சியவை சில அளவுகளும் கோட்டுப் படங்களுமே. படங்களும் தெளிவற்றவை ஆகையால், வெளிநாட்டார் சிலர், அவை எலும்பே அல்ல, கல்லான மரக்கட்டைகள் என்றுகூட ஐயுற்றனர். அவ்வையத்தையும் முற்றும் பழிக்க இயலாது. பெரம்பலூரையடுத்த சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது என்பதை நாம் அறிவோம். 2022 இல் அய்யாசாமியும் மற்றொருவரும் சேர்ந்து, களத்தில் அந்நாளில் எடுத்திருந்த நிழற்படங்களை வெளியிட்டனர். அதன் பின்னரே அவை எலும்புகள்தாம், தழையுண்ணியினுடையவைதாம் என்ற கருத்து வலுப்பெற்றது. முப்பத்தைந்து ஆண்டு வழக்கைச் சில பழைய நிழற்படங்கள் தீர்த்துவைக்க முன்வந்தன!

ஒரு சிறு பல்

அப்படியாயின் கல்லமேட்டில் ஊனுண்ணியே இல்லையா? இருந்தது. பெரிய எலும்பு போன இடத்தில் சிறிய பல் ஒன்று வந்து விடை சொல்லிற்று. 2013 இல், அஞ்சலி கோஸ்வாமி, குண்டுபள்ளி பிரசாத் முதலியோர் கல்லமேட்டுப் பாறையிலிருந்து சில மில்லிமீட்டர் அளவே உள்ள பல் ஒன்றை விவரித்தனர். விளிம்பில் கருக்கு, பின்னோக்கிய வளைவு, ஐயமின்றி ஊனுண்ணியின் பல். ட்ரூடான் என்னும் பறவையொத்த சிறு வேட்டை விலங்குகளின் குடும்பத்தது என்று அவர்கள் முடிவு கூறினர். அக்குடும்பம் அதுவரை வடபுலக் கண்டங்களிலேயே அறியப்பட்டிருந்தது. தனித்து மிதந்த இந்தியாவில் அது வந்தது எவ்வாறு என்ற புதுக்கேள்வியை அந்த ஒரு பல் எழுப்பிவிட்டது.

எண்ணிப் பாருங்கள். 2 மீட்டர் எலும்பு நமக்கு ஐயத்தை விட்டுச் சென்றது. சில மில்லிமீட்டர்ப் பல் உலகப் படத்தையே மாற்றி வரையத் தூண்டுகிறது. வேற்றுமை உருவில் இல்லை. பல் இன்றும் இருக்கிறது. ஐயமுற்றவர் எவரும் எடுத்து மீண்டும் பார்க்கலாம். எலும்பு இல்லை, எவராலும் மீண்டும் பார்க்க இயலாது. மீண்டும் பார்க்க முடிவதே அறிவியல். ரகியோலியின் அரசனை அரசனாக்கியது அவன் கொம்பு அன்று. ஓர் அலுவலர் வெயிலில் நின்று பொறுமையாக வரைந்த வரைபடமே. கல்லமேட்டின் பேருருவை நிழலாக்கியது அதன் எதிரிகள் அல்லர். நொய்ந்த எலும்பும், போதாத காப்புமே.

யாரையும் குறை கூறுதல் என் நோக்கமன்று. நொறுங்கும் எலும்பைக் களத்தில் காப்பது எளிய செயலும் அன்று. இன்று ரகியோலியில் 2019 இல் திறக்கப்பட்ட டைனோசர் அருங்காட்சியகம் இருக்கிறது. அரியலூரை அடுத்த வாரணவாசியிலும் புதைபடிவ அருங்காட்சியகம் எழுந்துள்ளது. இவை நற்குறிகள். ஆனால் அரியலூர்ப் பகுதியில் சிமெண்டுக்காக நாள்தோறும் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. நாளை அங்கே ஒரு கல், கல்லாக இல்லாமல் எலும்பாகத் தென்படலாம். முதலில் காண்பவர் பேராசிரியராக இருக்கமாட்டார். கடப்பாரை பிடித்தவராகவோ வண்டி ஓட்டுநராகவோ இருப்பார். ரகியோலித் தொழிலாளர் செய்ததை அவரும் செய்ய வேண்டுமாயின், அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். அந்த யாராவது நாமாக ஏன் இருத்தலாகாது?

தோழர்களே, நம்முள் பலருக்கு அப்பகுதியில் உறவினர் உண்டு. விடுமுறையில் அவ்வழி செல்வோரும் உண்டு. கல்லில் எலும்போ பல்லோ போன்ற ஒன்றைக் கண்டால், அதனைப் பெயர்க்காதீர்கள். பெயர்த்த எலும்பு ஊரை இழந்த மனிதன் போன்றது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல அதற்கு வாயில்லை. கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள், அருகில் ஓர் அளவுகோலையோ, பேனாவையோ வையுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பல்கலைக்கழகத்து நிலவியல் துறைக்கு அறிவியுங்கள். அவ்வளவே. அந்தச் சிறு குறிப்பு முப்பதாண்டு வழக்கொன்றைத் தடுக்கக்கூடும்.

இக்கட்டுரை எழுதும் முன் ஊருக்குச் சென்றபோது, தாத்தாவிடம் கல்லமேட்டுக் கதையைச் சொன்னேன். சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது. நான் அதன் இயக்கத்தைக் கண்டதே இல்லை. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “நாங்க பொன்னு எடுத்தப்போ, எந்த லெவலு, எந்த இடம்னு எல்லாத்துக்கும் கணக்கு இருந்ததுப்பா. எடுத்தத தொலைச்சா சும்மா விடுவானா? எலும்புக்கு மட்டும் ஏன் கணக்கு வைக்கல?” என்று கேட்டார்.

அவர் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அதனை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன்.